கடற்காற்றும் கரையோர நீரோட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரையில் நிற்பவர்கள் கேட்கும் பாதிக் கேள்விகள் ஒரே இடத்தில் வந்து முடியும்: "காத்து இந்தப் பக்கம் அடிக்குது, தண்ணி ஏன் அந்தப் பக்கம் போகுது?" அந்தக் கேள்வியையும் அதைச் சுற்றி வரும் மற்ற கேள்விகளையும் சென்னை முதல் கன்னியாகுமரி வரையிலான கரையை வைத்து இங்கே பார்க்கலாம்.

கடற்காற்று, பருவக்காற்று இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நீரோட்டம் புரியாமல் போகிறது.

கடற்காற்று ஒரு நாள் கணக்கு. பகலில் தரை சீக்கிரம் சூடேறும், கடல் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது. தரைமேல் இருக்கும் காற்று சூடாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், அப்போது காற்று திரும்பி, தரையிலிருந்து கடலுக்கு வீசும். அது நிலக்காற்று. பெரும்பாலும் கடற்காற்றைவிட வலுக்குறைந்தது.

பருவக்காற்று மாதக் கணக்கு. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை, வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபரில் தொடங்கி டிசம்பர், ஜனவரி வரை. கடற்காற்று இந்தப் பெரிய காற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் சின்னக் காற்று. சில நாட்களில் பெரியது சின்னதை அமுக்கிவிடும். மே மாதச் சென்னையில் மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வலுவாக இருந்தால், பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய கடற்காற்று இரண்டு, மூன்று மணிக்குத்தான் வரும். வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் அந்த மாதிரி நாட்களில்தான்.

காற்று தண்ணீரை எப்படி நகர்த்துகிறது? எவ்வளவு வேகத்தில்?

உரசி நகர்த்துகிறது. காற்று மேல்மட்ட நீரை இழுக்கிறது, அது தனக்குக் கீழே இருக்கும் நீரை இழுக்கிறது. ஆழம் போகப் போக இழுவை குறைந்துகொண்டே வரும். இதோடு அலைகளும் சேரும். ஒவ்வோர் அலையும் கடந்து போகும்போது நீரைக் கொஞ்சம் முன்னே தள்ளிவிட்டுப் போகிறது.

கடலில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் எங்கே போகும் என்று கணக்குப் போடுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் எளிய விதி, காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீதம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் கடற்காற்று அடித்தால் மேற்பரப்பு மணிக்கு 0.6 கிலோமீட்டர் நகரும். ஐந்து மணி நேரம் விடாமல் அடித்தால் 3 கிலோமீட்டர். குப்பைக்கும் எண்ணெய்க்கும் ஜெல்லி மீனுக்கும் இது பெரிய தூரம். ஆனால் தமிழகக் கரையை ஒட்டி ஓடும் பெரிய நீரோட்டம் வேகமெடுக்கும் மாதங்களில் நொடிக்கு ஒரு மீட்டரைத் தொடும். அதாவது மணிக்கு 3.6 கிலோமீட்டர், கடற்காற்று தருவதைப் போல ஆறு மடங்கு. இந்த ஆறு மடங்கு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கேள்விகளில் பாதி தானே அவிழும்.

மதியம் கடற்காற்று வந்ததும் தண்ணீரெல்லாம் கரையை நோக்கி ஓடுமா?

மேல் தோல் மட்டும் ஓடும். அதற்குமேல் போக வழியில்லை, குறுக்கே கரை நிற்கிறதே. கரையில் வந்து முட்டிய நீர் கீழ்வழியாகக் கடலுக்குத் திரும்புகிறது. மேலே உள்நோக்கி, கீழே வெளிநோக்கி என்று இரண்டு அடுக்காக ஓடும். வலை போடுகிறவர்களுக்கு இது பழக்கமான விஷயம்தான்: மிதப்பு ஒரு பக்கம் போகும், ஈயக்குண்டு கட்டிய அடிப்பக்கம் வேறு பக்கம் போகும்.

கரையில் நீர் குவிந்து மட்டம் உயராதா என்று கேட்பார்கள். உயரும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. 20 மீட்டர் ஆழமுள்ள கடலில் 10 கிலோமீட்டர் அகலத்துக்கு, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று அடிக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால் கரையில் கிடைக்கும் உயர்வு இரண்டு, மூன்று மில்லிமீட்டர்.

இன்னொன்றும் நடக்கிறது. கடற்காற்று காலையில் வந்த திசையிலேயே மாலை வரை நிற்பதில்லை. பூமியின் சுழற்சி அதை வலப்புறமாகத் திருப்பும். சென்னையில் கிழக்கிலிருந்து தொடங்கும் காற்று பொழுது சாயச் சாயத் தென்கிழக்குக்கும் தெற்குக்கும் போய்விடும். கரை ஏறக்குறைய தெற்கு வடக்காக இருப்பதால், மாலையில் அதே காற்று நீரைக் கரையை நோக்கித் தள்ளுவதை விட்டுவிட்டுக் கரையை ஒட்டி வடக்கே தள்ளத் தொடங்குகிறது. அந்தப் பக்கம் மறிக்க எதுவும் இல்லை. கடற்காற்று நீரோட்டத்துக்குச் செய்யும் உருப்படியான உதவி, என் கணக்கில், இந்த மாலைநேர வேலைதான்.

நீரோட்டம் காற்றுக்கு வலப்புறமாகத் திரும்பும் என்று படித்தேன். சென்னையிலும் அப்படியா?

படித்தது சரி. நார்வேக்காரர் ஃபிரிட்யோஃப் நான்சன், 'ஃப்ராம்' கப்பலை 1893இல் ஆர்க்டிக் பனிக்கட்டிக்குள் சிக்கவிட்டு அதோடு மிதந்து போனார். பனிக்கட்டி காற்றின் திசையிலேயே போகாமல் 20 முதல் 40 டிகிரி வலப்புறமாக விலகிப் போவதைக் கவனித்தார். அதற்குக் கணித விளக்கம் தந்தவர் சுவீடன்காரர் வாக்ன் வால்ஃப்ரிட் எக்மன். வடகோளத்தில் மேற்பரப்பு நீர் காற்றுக்கு 45 டிகிரி வலப்புறம் போகும், மேலடுக்கு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் நேர் 90 டிகிரி வலப்புறம் போகும் என்பது அவர் கணக்கு.

ஆனால் இந்தத் திருப்பம் நடக்க நேரம் வேண்டும். தள்ளிவிட்ட நீர் பூமியின் சுழற்சியால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வர எடுக்கும் நேரம் அட்சரேகையைப் பொறுத்தது. துருவத்தில் 12 மணி நேரம். சென்னையில், அதாவது 13 டிகிரியில், சுமார் 53 மணி நேரம். கன்னியாகுமரியில் 85 மணி நேரம், மூன்றரை நாள்! நம் கடற்காற்றோ ஆறேழு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். நீர் திரும்பலாமா என்று யோசிப்பதற்குள் காற்று போய்விடுகிறது. அதனால் நம் கரையில் கடற்காற்றின் நீரோட்டம் பெரும்பாலும் காற்று தள்ளும் பக்கமே போகும். எக்மன் கணக்கு நமக்குப் பொருந்துவது நாட்கணக்கில், வாரக்கணக்கில் அடிக்கும் பருவக்காற்றுக்கு.

30 டிகிரி அட்சரேகையில் கதை வேறு. அங்கே அந்தச் சுற்று சரியாக 24 மணி நேரம். மெக்சிகோ வளைகுடாவின் வடகரை அந்த அட்சரேகையில்தான் இருக்கிறது. தினம் ஒருமுறை வரும் கடற்காற்று, சரியான நேரத்தில் ஊஞ்சலைத் தள்ளிவிடும் கை மாதிரி, நீரின் சுற்றோடு ஒத்துப்போய்விடும். கோடையில் டெக்சஸ், லூசியானா கரைக்கு அப்பால் நீர் நாளொன்றுக்கு ஒரு வட்டம் போட்டுக்கொண்டே நகரும். வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் அதைப் படித்துவிட்டு மெரினாவில் தேடினால் கிடைக்காது.

பங்குனி, சித்திரையில் காற்று மந்தமாகத்தானே இருக்கும்? அப்போது நீரோட்டம் ஏன் இவ்வளவு வேகம்?

இந்தப் பக்கத்திலேயே நல்ல கேள்வி இதுதான். கரையில் நிற்பவர் உணரும் காற்றுக்கும் எதிரே ஓடும் நீருக்கும் எவ்வளவு குறைவான தொடர்பு இருக்க முடியும் என்பதை இது காட்டிவிடும்.

இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. பிப்ரவரி முதல் மே வரை வடக்கே. மார்ச், ஏப்ரலில் உச்சம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கே. தெற்கே ஓடும்போது கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய நன்னீரையும் கொண்டுவரும். வங்கத்தில் கலந்த ஆற்றுநீர் தமிழகக் கரையைக் கடந்து, இலங்கையைச் சுற்றிக்கொண்டு, அரபிக்கடல் வரை போய்ச் சேர்கிறது.

வடக்கே ஓட்டம் உச்சத்தில் இருக்கும் மார்ச்சில் நம் கரையில் காற்று வலுவில்லை. தள்ளுவது யார்? வங்கக் கடலின் நடுவில் வீசும் காற்று. அந்தக் காற்று ஒரே சீராக இல்லாமல் இடத்துக்கு இடம் மாறுபடுவதால் கடல் முழுவதும் ஒரு பெரிய சுழற்சியில் இறங்குகிறது. அந்தச் சுழற்சியின் மேற்கு ஓரம் நம் கரை. சுழலும் பூமியில் பெருங்கடல் நீரோட்டங்கள் மேற்கு ஓரத்தில்தான் இறுகி வேகமெடுக்கும். அமெரிக்கக் கரையில் கல்ஃப் ஸ்ட்ரீம் ஓடுவதும் இதே காரணத்தால்தான். இது போதாதென்று, பூமத்தியரேகைப் பகுதியில் அடித்த காற்று கிளப்பிவிட்ட நீண்ட மெதுவான அலைகள் சுமத்ரா, மியான்மர், வங்கம் என்று கரையைப் பிடித்துக்கொண்டே சுற்றி, வாரக்கணக்கில் பயணம் செய்து நம் பக்கம் வந்து நீரோட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஆக, இன்று பட்டினப்பாக்கத்தில் படகை இழுக்கும் தண்ணீரைக் கிளப்பிவிட்ட காற்று போன மாதம் எங்கோ அடித்ததாக இருக்கலாம்.

அப்படியானால் கரைக்காற்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாமா?

விடக்கூடாது. 2017 ஜனவரி 28 விடிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி, கப்பல் எரிபொருள் கடலில் கொட்டியது. மேற்பரப்பில் மிதந்த அந்தக் கருப்பு எண்ணெய், வடகிழக்குக் காற்றும் அலையும் தள்ளத் தள்ள, கரையை ஒட்டித் தெற்கே வந்தது. எர்ணாவூர்ப் பக்கம், கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கற்சுவர்களின் இடுக்குகளில் களிமண் மாதிரி திரண்டு நின்றது. ஆட்கள் வாளி வாளியாகக் கையால் அள்ளியது நாடு முழுவதும் செய்தியானது. மெரினா, திருவான்மியூர் வரையிலும் எண்ணெய் ஒதுங்கியது.

மிதப்பது எண்ணெயா, வலையின் மிதப்பா, கவிழ்ந்த படகா, ஆளா என்று எதுவானாலும், அது இருப்பது அந்த மேல் தோலில். அதற்குக் கரைக்காற்றுதான் முதலாளி. இருபது மீட்டர் ஆழத்தில் இருக்கும் நீருக்கு அந்தக் காற்று அடித்ததே தெரியாமல் இருக்கலாம்.

வெயில் இதில் ஒரு வேலை செய்கிறது. காற்றில்லாத காலையில் சூரியன் மேல் இரண்டு மூன்று மீட்டர் நீரைச் சூடாக்கி லேசாக்கிவிடும். அந்தச் சூடான அடுக்கு கீழே இருக்கும் குளிர்நீரோடு எளிதில் கலக்காமல் வழுக்கிக்கொண்டு நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கடற்காற்று வந்தால் அதன் தள்ளல் முழுவதும் அந்த மெல்லிய அடுக்கிலேயே அடைபட்டு, மேற்பரப்பு வழக்கத்தைவிட வேகமாக ஓடும். இரவில் நீர் குளிர்ந்து கலந்ததும் அந்த வேகம் போய்விடும்.

ஆடியில் குமரிக் கடல் ஏன் சில்லென்று இருக்கிறது?

தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரைக்கு அப்பால் காற்று வடமேற்கிலிருந்து, ஓரளவு கரைக்கு இணையாக, தெற்கு நோக்கி அடிக்கிறது. இது வாரக்கணக்கில் அடிக்கும் காற்று, அதனால் எக்மன் கணக்கு இங்கே வேலை செய்யும். தெற்கே போகும் காற்றுக்கு வலப்புறம் மேற்கு. மேல் நீர் கரையை விட்டு மேற்கே ஆழ்கடலுக்குப் போகிறது. காலியான இடத்துக்குக் கீழிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. கொல்லம் முதல் குமரி வரை மேற்பரப்பு வெப்பம் மே மாதத்தைவிட மூன்று நான்கு டிகிரி குறைந்துவிடும். கீழிருந்து வரும் நீரில் சத்து அதிகம், அதை நம்பி நுண்பாசி பெருகும், அதை நம்பி மத்தி வரும். மத்தி மீன் விலைக்கும் காற்றின் திசைக்கும் உறவு இருக்கிறது என்று சொன்னால் குளச்சலில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

கிழக்குக் கரையில் இதே விளைவுக்கு எதிர்த்திசைக் காற்று வேண்டும். தென்காற்று கரையை ஒட்டி வடக்கே சில நாட்கள் விடாமல் அடித்தால் வலப்புறம் என்பது கிழக்கு, அதாவது ஆழ்கடல். வாடை அடித்தால் தலைகீழ்: நீர் கரையில் வந்து அழுத்தி, கீழே அமிழும்.

ராமேஸ்வரத்தில் ஒரு பக்கம் கடல் குளம்போலவும் மறுபக்கம் கொந்தளிப்பாகவும் இருக்கிறதே?

அங்கே மீனவர்கள் வடகடல், தென்கடல் என்றே பிரித்துச் சொல்வார்கள். வடகடல் பாக் நீரிணைப் பக்கம், தென்கடல் மன்னார் வளைகுடாப் பக்கம். தென்மேற்குக் காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாகப் புகுந்து மன்னார் வளைகுடாவில் பாய்ந்து இறங்கும். முப்பந்தலில் காற்றாலைகள் அடுக்கடுக்காக நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். அந்த மாதங்களில் தென்கடல் கொதிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக்காலத்தில் இது அப்படியே மாறிவிடும்.

நீரும் அதன்படியே போகும். தென்மேற்குப் பருவத்தில் பாம்பன் கால்வாய் வழியாகவும் ஆதாம் பாலத்தின் இடைவெளிகள் வழியாகவும் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே, வாடையில் வடக்கிலிருந்து தெற்கே. பாக் நீரிணைப் பகுதி பெரும்பாலும் பத்து மீட்டர் ஆழத்தை ஒட்டியே இருப்பதால் காற்றின் பிடி அடிவரை போய்விடுகிறது. சென்னைக்குப் போட்ட கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள்: 10 மீட்டர் ஆழம், 100 கிலோமீட்டர் நீளம், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகப் பருவக்காற்று. ஒரு முனையில் நீர்மட்டம் சுமார் 15 சென்டிமீட்டர் உயரும். மில்லிமீட்டர் எங்கே, சாண் கணக்கு எங்கே! தமிழகத்தில் காற்று சொன்னபடி நீர் கேட்கும் இடம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

மெரினா மணலுக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம்?

மணலை நகர்த்துவது அலை கரையில் சாய்வாக வந்து உடையும்போது கிளம்பும் கரையோர ஓட்டம். அது அலை உடையும் பட்டைக்குள் மட்டும் ஓடுவது, வெளியே ஓடும் பெரிய நீரோட்டத்தோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. ஆண்டின் பெரும்பகுதி தெற்கு, தென்கிழக்கு அலைகள் மணலை வடக்கே தள்ளும், வாடை மாதங்களில் கொஞ்சம் தெற்கே திரும்பும். நிகரக் கணக்கு வடக்கே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. மாலைக் கடற்காற்று எழுப்பும் குட்டை அலைகளும் இந்தத் தள்ளலில் பங்கு போடும். மேற்குக் கரையில் இது இன்னும் தெளிவு: கோவாவில் பருவமழைக்கு முந்தைய மாதங்களில் தினமும் மதியத்துக்கு மேல் அலை உயர்ந்து, இரவில் தணிவதை அளந்து பார்த்திருக்கிறார்கள்.

கடல்மேல் நீளநீளமாக நுரைக்கோடுகள் தெரிகின்றனவே?

காற்றின் திசையிலேயே கோடுகள் ஓடினால், நீர் ஜோடி ஜோடியாக உருண்டுகொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு உருளைகள் சேரும் இடத்தில் நுரையும் பாசியும் ஒதுங்கும். இர்விங் லாங்மூர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1927இல் அட்லாண்டிக்கைக் கடக்கும்போது இதைக் கவனித்து, பிறகு ஓர் ஏரியில் சோதித்து விளக்கினார்.

மாலையில் காற்று இல்லையென்றால் கடலில் இறங்கலாமா?

காற்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஆளை உள்ளே இழுக்கும் ஓட்டம் காற்றால் நேரடியாக வருவதல்ல. அலை கொண்டுவந்து குவித்த நீர் மணல்திட்டுகளுக்கு நடுவே ஒரு வழி கண்டுபிடித்து வெளியேறுவது அது. அந்த அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், தென் இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல்காற்றின் மிச்சமாகவும் இருக்கலாம். கேரளத்தில் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படிப்பட்ட அலை எச்சரிக்கை இருந்த நாட்களில்தான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்.

மீனவர்கள் இன்னும் காற்றைப் பார்த்துத்தான் போகிறார்களா?

பாய் விரித்த காலத்தில் விடியற்காலை நிலக்காற்றில் கட்டுமரத்தில் வெளியே போய், மதியக் கடற்காற்றில் திரும்பினார்கள். இப்போது என்ஜின் வந்துவிட்டது, நேரம் அவ்வளவு முக்கியமில்லை. ஆனால் வலை விடுவதற்கு முன் நீவாடு பார்ப்பது நிற்கவில்லை. நீவாடு என்றால் நீரோட்டம். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் தனி வரிசை, நீவாட்டுக்குத் தனிக் கணக்கு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது கடலியல் துறை தோன்றுவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும்.

இன்றைய நீரோட்டத்தை எங்கே பார்ப்பது?

ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம்) நிறுவனம் காற்று, அலை, நீரோட்ட முன்னறிவிப்புகளைத் தினமும் வெளியிடுகிறது. கல்பாக்கத்திலும் கடலூரிலும் கரையில் நிறுத்திய ஹெச்.எஃப். (உயர் அதிர்வெண்) ரேடார் ஜோடி, கடற்பரப்பு ஓட்டத்தைக் கரையில் இருந்தபடியே அளக்கிறது. படங்களைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: காற்றை அது வரும் திசையால் சொல்வார்கள், நீரோட்டத்தை அது போகும் திசையால் சொல்வார்கள். "வடக்குக் காற்று" என்று இருந்தால் தெற்கே போகிறது, "வடக்கு நீரோட்டம்" என்று இருந்தால் வடக்கே போகிறது. வார்த்தையை விட்டுவிட்டு அம்புக்குறியைப் பாருங்கள், அது இரண்டுக்குமே போகும் பக்கத்தைக் காட்டும்.